ஊதா விளக்கும் ஓரகத்தியும்

ஓரகத்தி என்ற உறவு இருக்கிறதே, அதைக் கண்டுபிடித்தது நிச்சயம் ஓர் ஆண்தான். அண்ணன் ஒருத்தியைக் கட்டிக்கொண்டான், தம்பி இன்னொருத்தியைக் கட்டிக்கொண்டான். அதோடு அவர்கள் வேலை முடிந்தது. அந்த இரண்டு பேரும் ஒரே அடுப்படியில் ஒருத்தியை ஒருத்தி இடிக்காமல் எப்படித் திரும்புவது என்று எவனும் யோசிக்கவில்லை. எனக்கு வாய்த்தது அதைவிட மோசம். என் ஓரகத்தி அடுப்படிக்கு வந்ததோடு நிற்காமல் என் ஆய்வகத்துக்கும் வந்து சேர்ந்தாள்.

வீட்டில் நான் பெரியவள், அவள் சின்னவள். மாமியார் கூப்பிடுவது அப்படித்தான். கூப்பிட்டுக் கூப்பிட்டு எங்கள் புருஷன்மார்களுக்கே எங்கள் சொந்தப் பெயர் மறந்திருக்கும். நான் கீழ் வீடு, அவள் மாடி, சமையல் மட்டும் கீழே ஒன்றாக. கல்யாணமாகி வந்தபோது நல்ல பெண்ணாகத்தான் இருந்தாள். இப்போதும் நல்ல பெண்தான். அதுதான் எனக்குத் தொல்லை. கெட்டவளாக இருந்தால் வெறுத்துவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன்.

எங்கள் பிழைப்பு ஒரு நிலாவை நம்பி நடக்கிறது. நம் வானத்து நிலா அல்ல. வெகு தொலைவில் ஒரு பெரிய கோளைச் சுற்றும் நிலா. அதற்குக் காற்று உண்டு. நைட்ரஜனும் மீத்தேனும் கலந்த காற்று. அதன் உச்சியில் வெயிலும், அந்தக் கோளிலிருந்து பறந்து வரும் மின்துகள்களும் விழுந்து வாயுக்களை உடைக்கின்றன. உடைந்த துண்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கரிமச் சேர்மங்களாகி, கடைசியில் ஆரஞ்சு நிறப் புகையாக நிலா முழுவதையும் மூடிவிடுகின்றன. நான் அதைக் கண்ணாடிக் குடுவைக்குள் செய்து பார்ப்பவள். குடுவை என்றால் ஒரு குடம் பருமன் இருக்கும். உள்ளே இருக்கும் காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டு, அந்த இரண்டு வாயுவையும் கொஞ்சமாக விட்டு மின்சாரம் பாய்ச்சினால் ஊதா நிறத்தில் ஒளிரும். அதை நாங்கள் விளக்கு என்போம். விளக்கு நாள்கணக்கில் எரிந்தால் சுவரில் பழுப்புப் பிசின் படியும். அதைச் சுரண்டி எடுத்து ஆராய்வேன்.

இதை ஒருநாள் மாமியாருக்குப் பொறுமையாக விளக்கினேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "அப்போ ஆபீஸ்ல பாத்திரத்தை அடிப்பிடிக்க வச்சு, அப்புறம் சுரண்டுற வேலையா? அதை இங்கேயே செய்யலாமே" என்றார்.

சின்னவளின் வேலை வேறு. அந்த நிலாவின் உச்சிக்காற்றை உரசிக்கொண்டு போன விண்கலம் அனுப்பிய எண்களைப் படிப்பாள். ஏ.சி. அறை, சுழலும் நாற்காலி, நகத்தில் அழுக்கு ஒட்டாது. "சின்னவ ராக்கெட்ல வேலை பாக்குறா" என்று மாமியார் எதிர்வீட்டில் சொல்லிவிட்டு வந்தார். நான் பாத்திரம், அவள் ராக்கெட்.

அவள் சேர்ந்த புதிதில் எல்லாவற்றையும் சொல்லிக் கொடுத்தவள் நான்தான். யார் கேட்டார்கள்? எனக்கே ஒரு பெருமை. ஒருநாள் சமையலறையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டே என் குடுவையின் குணத்தைச் சொன்னேன். "விளக்கு எரியுற வரைக்கும் அதோட ஓரத்துல ஒரு மின்வேலி நிக்கும். ப்ளஸ் மின்னூட்டம் இருக்கிறதெல்லாம் தாராளமா வெளிய வந்து அளக்குற கருவியில விழும். மைனஸ் மட்டும் வேலி தாண்டாது, உள்ளேயே அடைஞ்சு கிடக்கும். விளக்கை அணைச்சா வேலி சரியும். அந்தக் கண் இமைக்கிற நேரத்துல பிடிச்சாத்தான் மைனஸ் கிடைக்கும்."

"நீங்க பிடிச்சிருக்கீங்களாக்கா?"

"அது எதுக்கு? நம்ம லேப்ல எல்லாரும் ப்ளஸ்தான் பாப்பாங்க."

கண்ணில் வெங்காயத் தண்ணீரோடு தலையாட்டினாள். அப்போதே நான் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும்.

புதன்கிழமைதோறும் எங்கள் குழுவுக்குக் கூட்டம். தலைவருக்கு நாங்கள் வைத்த பெயர் 'சரி-ஆனா'. யார் என்ன சொன்னாலும் "சரி, ஆனா" என்றுதான் ஆரம்பிப்பார்; அந்த 'ஆனா'வில் பல பேருடைய ஆராய்ச்சி உயிரை விட்டிருக்கிறது. அன்று சின்னவள் பேசும் முறை. அந்த விண்கலத்தில் எலக்ட்ரான்களை எண்ணுவதற்கென்றே ஒரு கருவி உண்டு. அதன் வரைபடத்தில் அங்கங்கே முள் முளைத்தாற்போலக் கூரான கோடுகள் வரும். கருவிக் கோளாறு என்று அவற்றை நீக்க ஒரு நிரல் வைத்திருந்தோம். அதற்குப் பெயர் சல்லடை. எண்கள் வந்ததும் முதலில் சல்லடையில் போடு, பிறகு பார். காலையில் எழுந்ததும் பல் தேய்க்கிற மாதிரி, ஏன் என்று யாரும் கேட்டதில்லை.

சின்னவள் சல்லடையில் போட மறந்துவிட்டாள். திரை முழுக்க முள். பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். யாரோ என்ன யாரோ, நான்தான்.

"சலிக்காமயே கொண்டு வந்துட்டியேம்மா" என்றார் தலைவர்.

அவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். "மறந்துட்டேன் சார். அப்புறம் இது என்னன்னு பார்த்துட்டே இருந்தேன். இந்த முள்ளெல்லாம் கருவி முன்பக்கம் பார்க்கும்போது, கலம் போற திசையைப் பார்க்கும்போது மட்டும்தான் வருது. பக்கவாட்டுல திரும்பினா இல்ல. பின்னால திரும்பினா இல்ல. கோளாறுன்னா எந்தப் பக்கம் திரும்பினாலும் வரணுமே சார்?"

நான் சிரித்த சிரிப்பை அவசரமாக இருமலாக மாற்றிக்கொண்டேன்.

"எலக்ட்ரான் துறுதுறுன்னு எல்லாப் பக்கமும் ஓடும், எல்லாப் பக்கமிருந்தும் வந்து விழும். இது அப்படி இல்ல. மழையில ஸ்கூட்டர் ஓட்டினா முன்பக்கம் மட்டும் தொப்பலா நனையுமே, அந்த மாதிரி. காத்துல சும்மா கிடக்குற ஏதோ ஒண்ணு மேல நம்ம கலம் போய் மோதுது. மைனஸ் ஊட்டம் இருக்கிறதால எலக்ட்ரான் கருவிக்குள்ள வந்து விழுது. ஆனா விழுற பலத்தைப் பார்த்தா எலக்ட்ரான் இல்ல சார். ரொம்ப ரொம்ப கனம்."

எனக்கு அந்த நொடியே புரிந்துவிட்டது. அதுதான் கொடுமை. மற்றவர்கள் முழித்துக்கொண்டிருந்தார்கள், எனக்குத்தான் முழுப்படமும் தெரிந்தது. நிலாவின் உச்சியில், காற்று இருக்கிறதா இல்லையா என்று சொல்ல முடியாத இடத்தில், கனத்த கரிமச் சேர்மங்கள் மைனஸ் ஊட்டத்தோடு மிதக்கின்றன. மேலே இலேசான பொருள்தான் இருக்கும், கனமானது கீழே காற்று அடர்ந்த இடத்தில்தான் உருவாகும் என்று இத்தனை வருடம் பேசிக்கொண்டிருந்தோம். அந்த ஆரஞ்சுப் புகைக்கு விதை மேலேயே விழுந்திருக்கிறது. அதைத்தான் நாங்கள் ஒவ்வொரு முறையும் சலித்துக் குப்பையில் கொட்டியிருக்கிறோம்.

வயிறு எரிந்தது. மூடி மறைத்து என்ன ஆகப்போகிறது? பற்றி எரிந்தது. அந்தப் பிசினைப் பார்த்துப் பார்த்து என் கண் பூத்துப் போயிருக்கிறது. அது எங்கே பிறக்கிறது என்பதை நேற்று முளைத்த காளான் ஒன்று, ஒரு மறதியில், போகிற போக்கில் கண்டுபிடித்துவிட்டுப் போகிறது. மறதியால் எனக்கு இதுவரை கிடைத்தது பொங்கி வழிந்த பால் மட்டும்தான்.

"சரி" என்றார் தலைவர். எல்லோரும் காத்திருந்தோம். "ஆனா" என்று என் பக்கம் திரும்பினார். "நம்ம குடுவையில அப்படி ஏதாவது உருவாகுதான்னு பார்க்கணும். வந்தா இது பெரிய விஷயம். வரலேன்னா முள் வெறும் முள்ளுதான். நீங்க பார்த்துச் சொல்லுங்கம்மா. நீங்க சொல்றதுதான் முடிவு."

அதோடு விட்டாரா? அதே நிலாவுக்கு அடுத்து ஒரு கலம் போகப் போகிறது. அதன் குழுவில் எங்கள் ஆய்வகத்துக்கு ஒரே ஓர் இடம். அந்த இடத்துக்காக நான் தவம் கிடந்தது எல்லோருக்கும் தெரியும். இந்த முறை எனக்குத்தான் என்று பம்பு ரிப்பேர் செய்ய வருகிறவர்கூடச் சொல்லிக்கொண்டிருந்தார். "யாரை அனுப்புறதுன்னு அடுத்த புதன்கிழமை இதையும் வச்சுப் பேசிக்குவோம்" என்று தலைவர் எழுந்துவிட்டார். குடுவை ஆமாம் என்றால் இடம் அவளுக்கு. இல்லை என்றால் எனக்கு. குடுவைக்கு வாய் நான்.

வீட்டுக்கு வந்தால் அதற்குள் செய்தி வந்து கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தது. கொழுந்தன் சொல்லியிருக்கிறான். "சின்னவ நிலாவுல என்னமோ கண்டுபிடிச்சிட்டாளாமே! நீயும்தான் அங்க இவ்வளவு நாளா இருக்கே, உன் கண்ணுல ஒண்ணும் படலயா?" என்று மாமியார் கேட்டார். வெடுக்கென்று கேட்டிருந்தாலும் பரவாயில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்டார்.

"நம்ம வீட்டுக்குப் பெருமைதானே" என்றார் என் புருஷன். அன்று அவருக்குக் காபி ஆறித்தான் கிடைத்தது.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் குடுவையைத் தயார் செய்தேன். கருவியில் ப்ளஸ், மைனஸ் என்று மாற்றுகிற திருகு ஒன்று உண்டு. அது ப்ளஸிலிருந்து நகராமல் இருக்க யாரோ எப்போதோ ஒட்டிய டேப் மஞ்சளாகிக் கிடந்தது. அதைக் கிழித்து மைனஸுக்குத் திருப்பினேன். விளக்கைப் போட்டேன். ஊதா ஒளி குடுவை நிறைய நின்றது. திரையில் கோடு ஓடியது. தட்டையாக, இஸ்திரி போட்ட மாதிரி. ஒரு முள் இல்லை.

எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி மாளாது. நாற்காலியில் சாய்ந்துகொண்டு ஏதோ பாட்டு முணுமுணுத்தேன். விளக்கு எரியும்போது மைனஸ் வேலி தாண்டாது என்பது எனக்குத் தெரியாதா? தெரியும். அணைத்த கணத்தில் பிடிக்க வேண்டும் என்பது தெரியாதா? அதுவும் தெரியும். ஆனால் எங்கள் ஆய்வகத்தில் எப்போதும் எப்படி அளப்போமோ அப்படி அளந்தேன். கோடு தட்டை. இதில் பொய் எங்கே இருக்கிறது? கேட்கிறவன் கேட்டால்தானே. கேட்பதற்கு அந்தக் கட்டடத்தில் குடுவை தெரிந்த இன்னொரு ஆள் கிடையாது.

சாயங்காலம் சமையலறையில் சின்னவள் தட்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள். கூட்டத்துக்குப் பிறகு அவளாக ஒரு நாளும் என்னிடம் அதைப் பற்றிக் கேட்கவில்லை. அன்று கேட்டாள்.

"பார்த்தீங்களாக்கா?"

"பார்த்தேன். ஒண்ணும் வரல."

துடைத்த தட்டையே மறுபடி துடைத்தாள். வாதாடுவாள் என்று எதிர்பார்த்தேன். நாலு கேள்வி கேட்பாள், நானும் நாலு கொடுக்கலாம் என்று வரிந்துகட்டிக்கொண்டு நின்றேன்.

"நீங்க பார்த்துச் சொன்னா சரிதான்கா" என்றாள். "நாளைக்கு நானே எழுந்து, தப்பாப் பார்த்துட்டேன்னு சொல்லிடறேன். நீங்க சொல்ற மாதிரி வேண்டாம். சங்கடம்."

பார்த்தீர்களா அநியாயத்தை! தோற்கும்போதுகூட அழகாகத் தோற்கிறாள். என்னால் ஜெயிக்கும்போதுகூட முகத்தை நேராக வைத்துக்கொள்ள முடியவில்லை.

அன்று எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை. மனசாட்சி என்று நினைத்துவிடாதீர்கள். என் மனசாட்சி பக்கத்தில் படுத்திருந்த புருஷனோடு போட்டி போட்டுக் குறட்டை விட்டது. என்னைக் கிள்ளிக்கொண்டே இருந்தது வேறு ஒன்று. அவள் பார்த்துவிட்டாள். நான் பார்க்கவில்லை. இடம் எனக்கே கிடைக்கட்டும், ஊரே என்னை மெச்சட்டும். அந்த முட்களைப் பார்த்த கண் அவளுடையதாகவே இருக்கும். அவளிடம் இருக்கும் ஒன்று என்னிடம் இல்லாமல் எப்படி இருக்கலாம்? ஒரு புடவை என்றால்கூட நான் விடமாட்டேன். இது என் நிலா.

காலையில் யார் எழுவதற்கும் முன்னால் கிளம்பி முதல் பஸ்ஸைப் பிடித்தேன். ஆய்வக வாசலில் பாதுகாவலர், "என்னம்மா, கூட்டம் பத்து மணிக்குத்தானே?" என்றார். "பாத்திரம் கழுவணும்" என்றுவிட்டு மேலே போனேன்.

குடுவையில் காற்றை உறிஞ்சினேன். மேல்காற்று எவ்வளவு மெலிதோ அவ்வளவுக்கு என்னால் முடிந்த மட்டும் மெலிதாக வாயுவை விட்டேன். விளக்கைப் போட்டேன், அணைத்தேன், அணைந்த அந்தக் கணத்தில் மட்டும் அளந்தேன். மறுபடி போட்டேன், மறுபடி அணைத்தேன். பிறகு அந்த வேலையைக் கணினியிடம் விட்டுவிட்டு இருட்டில் உட்கார்ந்திருந்தேன். ஊதா ஒளி வந்து வந்து போனது. திரையில் முதலில் ஒரு சின்ன மேடு. சரி, அது எல்லாக் குடுவையிலும் இருக்கும் என்று நினைத்தேன். அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. பிறகு கனம் கூடக்கூட ஒன்றன்பின் ஒன்றாக, கரி அணு கரி அணுவாகச் சேர்த்துக் கட்டின சங்கிலிகள். முள், முள், முள். சின்னவளின் படத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். அவளுடையது எங்கெங்கே எழும்பியதோ, என்னுடையதும் அங்கங்கே எழும்பியது.

வாயைப் பொத்திக்கொண்டேன். எவ்வளவு அழகு தெரியுமா அது! இத்தனை வருடமும் என் குடுவைக்குள், என் ஊதா விளக்குக்குள், என் கைக்கு எட்டும் தூரத்தில் அடைந்து கிடந்திருக்கிறது. விளக்கை அணைத்துவிட்டு ஒரே ஒரு தடவை திரும்பிப் பார்த்திருந்தால் போதும். நான் ஒவ்வொரு முறையும் விளக்கை அணைத்ததும் பையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பியிருக்கிறேன். அழுகை வந்தது. பாதி சந்தோஷம், பாதி ஆத்திரம். ஆத்திரப் பாதி கொஞ்சம் பெரிது.

அழிக்கவும் தோன்றியது. பொய் சொல்ல மாட்டேன், விரல் பொத்தான்வரை போனது. அழித்தால் இதைப் பார்த்தவள் உலகத்தில் நான் ஒருத்தி என்று எப்படிச் சொல்லிக்கொள்வேன்? விரலை எடுத்துவிட்டேன்.

பத்து மணிக்குக் கூட்டம். தலைவர் உட்கார்ந்ததும் சின்னவள் எழுந்தாள். "சார், போன வாரம் நான் சொன்னது..."

"உட்காரு" என்றேன். என் குரல் எனக்கே அதட்டலாகக் கேட்டது. அவள் பொத்தென்று உட்கார்ந்தாள். என் படத்தைத் திரையில் போட்டேன். விளக்கு எரியும்போது எடுத்தது மேலே, தட்டை. அணைத்த கணத்தில் எடுத்தது கீழே, முள்காடு. பக்கத்தில் அவளுடைய படம். என்ன செய்தேன், எப்படிச் செய்தேன் என்று நாலு வாக்கியத்தில் சொன்னேன். "இவ சொன்னது சரி. முள் உண்மை. சல்லடையைத்தான் தூக்கிப் போடணும்."

தலைவர் இரண்டு படத்தையும் மாறி மாறிப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"சரி" என்றார். அவ்வளவுதான். பின்னால் ஒன்றுமே வரவில்லை. அந்த அறையில் அப்படி ஒன்று அதற்கு முன் நடந்ததில்லை.

பிறகு எல்லாம் தானாக நடந்தது. கை தட்டினார்கள். அடுத்த கலத்தின் குழுவுக்கு இவங்களையே அனுப்பலாம் என்று தலைவர் சின்னவளைக் காட்டினார். யாரும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்ததுக்குக் கை தட்டுவார்கள். மறைக்காமல் விட்டதுக்கு யார் தட்டுவார்கள்? யாருக்குத் தெரியும் அது? நானும் தட்டினேன். உள்ளங்கை எரிகிற அளவுக்குத் தட்டினேன்.

சாயங்காலம் வீட்டில் மாமியார் சின்னவளின் நெற்றியில் முத்தம் கொடுத்துவிட்டு என்னைப் பார்த்தார். "நீயும் ஏதோ உதவி பண்ணியாமே. நல்லது. வீட்டு ஆளுங்க ஒருத்தருக்கொருத்தர் செய்யலேன்னா யார் செய்வா?"

"உதவியா?" என்றாள் சின்னவள். "அக்கா பார்க்கலேன்னா அது வெறும் அழுக்குதான், அத்தை. சலிச்சுக் கொட்டியிருப்பாங்க. கண்டுபிடிச்சது நாங்க ரெண்டு பேரும்."

அதையும் அவளே சொல்லிவிட்டாள். பெருந்தன்மை என்று ஒன்று மிச்சமிருந்தது, அதையும் தட்டிக்கொண்டு போய்விட்டாள். நான் விருட்டென்று சமையலறைக்குள் போய்க் கிடைத்த பாத்திரத்தைத் தேய்க்க ஆரம்பித்தேன். பின்னாலேயே வந்தாள்.

"அக்கா, ஒண்ணு சொல்லவா? நேத்து மத்தியானம் உங்க லேப் பக்கம் வந்தேன். கதவுக் கண்ணாடி வழியாப் பார்த்தேன். கோடு தட்டையா ஓடிட்டு இருந்துச்சு." மேடைத் துணியை எடுத்துக்கொண்டாள். "விளக்கு எரிஞ்சிட்டு இருந்துச்சு."

என் கை நின்றது. குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது.

"விளக்கு எரியும்போது மைனஸ் வெளிய வராதுன்னு நீங்கதான் சொல்லியிருக்கீங்க. இதே இடத்துல, வெங்காயம் நறுக்கும்போது."

"அப்புறம் ஏண்டி நேத்து அதை என்கிட்ட ஒரு வார்த்தை கேட்கல? நாலு பேர் முன்னாடி தப்புன்னு சொல்லிக்கிறேன்னு நின்னியே?"

"கேட்டிருந்தா நீங்க எனக்காகப் பார்த்திருப்பீங்க. இல்ல, என் மேல கோபத்துல பார்க்காமயே விட்டிருப்பீங்க." ஈரத் துணியை மடித்து மேடையில் வைத்தாள். "சொல்லாம விட்டா, உங்களால பார்க்காம இருக்க முடியாதுன்னு தெரியும். எனக்குப் பயமாத்தான் இருந்துச்சு. ஆனா தெரியும்."

என் குடுவையை எனக்குத் தெரிந்த மாதிரி என்னை அவளுக்குத் தெரிந்திருக்கிறது. எப்போது விளக்கை அணைத்துக் காத்திருக்க வேண்டும் என்பது உட்பட. குழாயை மூடினேன். அடக்கி அடக்கி வைத்திருந்தது வாய்க்கு வந்துவிட்டது.

"எனக்கு உன் மேல பொறாமை" என்றேன். "உனக்குக் கிடைச்ச எல்லாத்து மேலயும் பொறாமை. அந்த இடம் என்னோடது. அந்த முள் என்னோடது. சொல்லிட்டேன், போ."

வாழ்க்கையில் முதல் தடவையாக அந்த வார்த்தையை வெளியே சொன்னேன். அவள் அதிர்ந்து போவாள், ஒரு விஷயத்திலாவது நான் முந்திக்கொள்வேன் என்று பார்த்தேன்.

"தெரியும்கா" என்றாள்.

அதுவும் தெரியுமாம், பாவிக்கு.